பத்தாவது கேள்வி

சாவியின் தலை ஆபீசர் கையில் இருந்தது. உடம்பு பூட்டுக்குள் இருந்தது.

திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்த சாவியை முதலில் முறைத்தார். பிறகு, அலுவலகத்தில் பணியாதவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவாரோ அப்படி, கொஞ்சம் அழுத்தினார். 'டிக்' என்றது. அலுவலகத்திலும் கடைசியில் இப்படித்தான் ஆகும்.

"ஒரே பூட்டை மொத்தமா வாங்கி எல்லா வீட்டுக்கும் மாட்டினா இப்படித்தான்" என்று கட்டடம் கட்டியவரைத் திட்டினார். லிஃப்ட் வேறு ஓடவில்லை. ஆனால் படியேறி வந்த களைப்பே தெரியவில்லை. இரண்டு வார நடைப்பயிற்சி வீண் போகவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு ஆறுதல்.

மணி நாலு. ஐந்துக்கு வீட்டம்மா வந்துவிடுவார். மகளுக்குப் பிரசவ நேரம். நாளைக் காலை பயணம். பை வாங்கக் கடைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் தனியா சமாளிச்சுக் காட்டுங்க. அப்பத்தான் மூணு மாசம் உங்களை நம்பி விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு உட்கார்ந்துக்கறேன். மக அழுதா அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆபீசர் பிடித்து வந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக், "செக் பண்ணிட்டுக் கொண்டாறேன்" என்று மோட்டாரைக் கழற்றிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஃபிரிட்ஜில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வீட்டம்மா ஒரு தாளில் பத்துக் கேள்வி எழுதி, ஆபீசரின் சட்டைப் பையில் சொருகிவிட்டார். யாரை வேலைக்குக் கூப்பிட்டாலும் இதைக் கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது. இன்று கதவே திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆபீசர் படியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"பூட்டுக்கு எத்தனை வருஷம் ஆச்சு, அதைச் சொல்லுங்க சார்" என்றார் முதல் பூட்டுக்காரர். கட்.

இரண்டாமவர் நாலாவது கேள்வி வரை தாக்குப்பிடித்தார்.

"வேலை சரியில்லேன்னா யார்கிட்ட வந்து கேட்கணும்?"

"என்கிட்டதான் சார்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"அது வேலை எப்படி அமையுதுங்கறதைப் பொறுத்தது சார்."

மூன்றாமவர் நேரிலேயே வந்துவிட்டார். நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, பழைய தகரப் பெட்டி. "கேளுங்க" என்று சுவரில் சாய்ந்து நின்றார்.

"உங்களைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம்?"

"முக்குல மருந்துக்கடை. போன மாசம் ஷட்டர் திறந்து கொடுத்தேன். இந்தாங்க நம்பர், என் எதிரிலேயே பேசுங்க."

பேசினார். "தங்கமான மனுஷன்" என்றது மருந்துக்கடை. ஆபீசர் பேனாவால் ஒரு டிக் போட்டார். உறவில் மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை.

ஒன்பது டிக் ஆனது. பத்தாவது, வீட்டம்மா அடிக்கோடிட்டது: 'நம்மைக் கேட்க அவரிடம் ஏதாவது இருக்கா? நல்ல வேலைக்காரரிடம் ஒன்றாவது இருக்கும்.'

"இருக்கு சார்" என்றார் பூட்டுக்காரர். "இது உங்க வீடுதானா?"

ஆபீசருக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு யோக்கியரை வலை போட்டுத் தேடினாலும் கிடைக்குமா!

"பின்னே? அத்தாட்சியெல்லாம் உள்ளே இருக்கு."

"உள்ளே இருக்கிறதைப் பார்க்கத் திறக்கணும். திறக்கிறதுக்கு அதைப் பார்க்கணும். கோவிச்சுக்காதீங்க சார், தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் பூட்டைத் தொட மாட்டேன்."

"தொடாதீங்க! எங்க வீட்டம்மா வர்ற நேரம்தான். அவங்களே உங்களைப் பார்க்கட்டும்."

இரண்டு பேரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆபீசர் மகளின் பிரசவத் தேதியைச் சொன்னார். பூட்டுக்காரர் தன் பேத்தியின் பெயரைச் சொன்னார்.

ஐந்துக்கு வீட்டம்மா பைகளோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவரிடம் எதைச் சொன்னாலும் பதிலுக்குக் கேள்விதான் வரும். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

"இங்க என்ன பண்றீங்க? இவர் யாரு? இதென்ன கையில?"

"பூட்டு தகராறு. தகுந்த ஆளாப் பிடிச்சுட்டேன்." ஆபீசர் தாளை நீட்டினார்.

வீட்டம்மா மேலிருந்து கீழ்வரை படித்தார். "பத்தும் கேட்டீங்களா?"

"ஒண்ணு விடாம."

"ஃபிரிட்ஜுக்காரன்கிட்ட இதுல ஒண்ணாவது கேட்டீங்களா?" என்றாலும், குரல் இளகியிருந்தது. "பரவாயில்லையே. நாளைக்கு நான் நிம்மதியா வண்டி ஏறலாம் போலிருக்கே?"

ஆபீசர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பூட்டுக்காரரும் எழுந்து பெட்டியைத் திறந்தார்.

"ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டா ஆரம்பிச்சுடுவேன்மா. இது உங்க வீடுதானே?"

வீட்டம்மா கதவைப் பார்த்தார். பூட்டில் முறிந்து நின்ற சாவியைப் பார்த்தார். கணவரை வெகுநேரம் பார்த்தார். பைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்.

"இல்லை. எங்க வீடு மேல் மாடி."