வாசலில் ஒரு சாய்தளம்

பெசன்ட் நகரில், தான் கட்டிய புது அடுக்குமாடிக்குள் கோதண்டம் நுழைந்தபோது, எவனோ ஒருத்தன் வாசல் சாய்தளத்தைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் விமான நிலையச் சீட்டு ஒட்டிய பெட்டி.

கோதண்டத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. சாய்தளம் இல்லாமல் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது என்பது சட்டம். ஒரு கார் நிறுத்தும் இடம்கூடப் போகாமல், சாய்தளத்தைக் குறுக்கி, செங்குத்தாகக் கட்டி, சாமர்த்தியமாக அனுமதி வாங்கியவர் அவர்.

"டேய், யார்றா நீ?" ஓடிப்போய் ஓங்கி அறைந்தார். அவன் உதடு கிழிந்தது. சம்மட்டி நிற்கவில்லை.

கீழே கிடந்த கம்பியை எடுத்து அவன் முதுகில் விளாசினார்.

"நீயெல்லாம் மனுஷனாடா? நடக்க முடியாதவங்களுக்காகக் கட்டினதுடா இது! கீழ் வீட்டு செபஸ்தியான் பெரியவர் சக்கர நாற்காலில இது வழியாத்தான் போய் வர்றார். கையும் காலும் நல்லா இருக்கிற திமிரா உனக்கு? வா, அவர் கால்ல விழு!"

பிடரியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை மிதித்துக்கொண்டு, செபஸ்தியான் வீட்டுக் கதவை எட்டி உதைத்தார்.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி. உள்ளே, தலையில் கட்டோடு செபஸ்தியான். மூலையில், சக்கரம் நசுங்கிய நாற்காலி.

"நேத்து அந்தச் சாய்தளத்துலதான் எறங்கினாரு. நாற்காலி நிக்காம ஓடி கேட்ல மோதிச்சு. நான் அவரு புள்ள," என்றான் அவன்.

கோதண்டத்தின் பிடி தளர்ந்தது. அவர் பிடரியை அவன் கை இறுக்கிப் பிடித்தது.

"கால்ல வுழணும்னியே சார். வுழு."