டேப்பெட் மூடியில் சிவப்புக் கோடு

கம்பெனி சென்டரில் சர்வீஸ் அட்வைசர் பைக்குக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, எஞ்சின் தலையில் இருக்கும் டேப்பெட் மூடியின் போல்ட்டை நகத்தால் சுரண்டினார். மேலே இருந்த சிவப்புக் கோடு தோல் மாதிரி உரிந்து வந்தது.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

பக்கத்தில் என் தங்கையின் கணவர், வாரண்டி புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு மார்பில் அணைத்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கம்பெனி சென்டரில் எஞ்சின் போல்ட்டுகளின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். யாராவது போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். உடைந்தால் எக்ஸ்டெண்டட் வாரண்டி அதோடு சரி. கிளெய்ம் என்று வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

இப்போது உரிந்தது கம்பெனி பெயின்ட் இல்லை. என் தங்கையின் நகப்பூச்சு. பூசியவன் நான்.

நான் மெக்கானிக். இருபது வருடமாகச் சொந்தக் கடை. தெருவில் பாதிப் பேர் வண்டியை என்னிடம்தான் விடுகிறார்கள். மாப்பிள்ளை மட்டும் விடமாட்டார்.

கல்யாணமான மறு வருடம் இந்த வண்டியை எடுத்தார். எடுத்த அன்றே, “கோவிச்சுக்காதீங்க மச்சான், வெளியில விட்டா வாரண்டி போயிடும்” என்றார். வெளியிலாம்! நான் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை.

அவருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அடுத்தவர்கள் அனுப்பும் கிளெய்மில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் சம்பளமே. பொடி எழுத்தைப் படிக்காமல் சோப்புகூட வாங்கமாட்டார். நான்கு வருடத்தில் ஒரு சர்வீஸ்கூட ஒரு நாள் தள்ளிப்போனதில்லை.

நானும் ஒரு தடவைகூட விட்டதில்லை. சர்வீஸ் முடிந்து வண்டி வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, தங்கையைப் பார்க்கிற சாக்கில் போய்விடுவேன். சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை கண்ணயர்ந்ததும் ஸ்பானரை எடுப்பேன். செயின், பிரேக், சக்கரத்து நட்டு.

கம்பெனிக்காரர்களுக்கு இது அன்றைய முப்பது வண்டிகளில் ஒரு வண்டி. பின் சீட்டில் உட்காருகிறவள் எனக்கு ஒரே தங்கை. ஒருமுறை பின் சக்கரத்து நட்டு என் வெறும் விரலுக்கே சுழன்றது. யாரிடமும் சொல்லாமல் முறுக்கிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு, எஞ்சின் தலைப்பகுதியில் ஒரு சத்தம். கை சும்மா இருக்கவில்லை, மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே வால்வுகளைத் தள்ளுகிற தண்டு, கேம்ஷாஃப்ட், தேய்ந்து கிடந்தது. நான்கு வருடத்தில் தேய்கிற பொருளே இல்லை அது. கம்பெனி போட்ட மட்டச் சரக்கு, அவர்கள்தான் மாற்றித் தர வேண்டும்.

மூடியபிறகுதான் கோடு உடைந்திருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி மேஜையில் நகப்பூச்சு இருந்தது. அதே சிவப்பு. புத்திசாலித்தனமாக ஒரு கோடு இழுத்தேன். எழுந்து வந்தவரிடம், சத்தம் சரியில்லை, வாரண்டியில் கொடுத்து மாற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னவனும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம்.

எஞ்சினின் தலையையே மாற்ற வேண்டும். வாரண்டி இருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை தலையில் துண்டு. அதுவும் என்னால். அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவது?

அட்வைசர் நகத்தில் ஒட்டிய சிவப்பை மோந்து பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள் போல, வாசனையிலேயே நகப்பூச்சு என்று தெரிந்து சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு, கவுன்டருக்குப் போய் ஒரு படிவத்தை எடுத்துவந்தார்.

“எஞ்சினை வேற யாரும் திறக்கலைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். நான் எதையும் பாக்கலை.”

நல்ல மனிதர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாப்பிள்ளை படிவத்தை முதல் எழுத்திலிருந்து படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். போடுய்யா, போட்டுத் தொலைய்யா என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பேனா மூடியைக் கழற்றினார். மூடியைத் திரும்ப மாட்டி, பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

“திறந்திருக்காரு சார். இவர்தான், என் மச்சான். ஒவ்வொரு சர்வீஸுக்கு அப்புறமும் இவர் ஒரு தடவை பாப்பாரு.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. நான்கு வருடமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் குறட்டை விட்டிருக்கிறார்.

அட்வைசர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். சொல்லிவிட்டால் வாரண்டி ரத்துதான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஒரே ஒரு கையெழுத்து, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டும் பார்த்தார்.

மாப்பிள்ளை புத்தகத்தை உறையிலிருந்து வெளியே எடுத்தார். ஒரு முத்திரைகூட விட்டுப்போகாத பக்கங்களை ஒருமுறை புரட்டினார். பிறகு அட்வைசரிடம் நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். இங்கேருந்து வண்டி வந்தா, இவர் வந்து பாக்கற வரைக்கும் என் பொண்டாட்டியை நான் பஸ்லதான் அனுப்பறேன்.”