மூன்று பூஜ்யங்கள்

மடிக்கணினியின் அசைவை உணரும் சென்சாரை லினக்ஸ் இயங்குதளம் கண்டுகொள்ளவில்லை என்று காலையிலிருந்து செல்வின் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சென்சாரைத் தேடும் நிரல் கேள்விமேல் கேள்வி கேட்டது. வெறுமனே எண்டர் தட்டினால் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும். எல்லாரையும் போல அவனும் எதையும் படிக்காமல் தட்டிக்கொண்டே போனான். ஒருவழியாகச் சென்சார் அகப்பட்டது. ஆனால் திரையில் திசைக்கு ஒன்றாக மூன்று பூஜ்யங்கள்தான் நின்றன. மேஜையை உலுக்கினான், கணினியைத் தலைகீழாகப் பிடித்தான். பூஜ்யங்கள் மாறவில்லை.

நான்கு நாளாக அவனோடு பேசாத அவன் மனைவி ஜெபா, காபி டம்ளரோடு ஜன்னலோரம் நின்றபடியே கேட்டாள். “என்ன காட்டணும்?”

“சும்மா மேஜை மேல இருந்தாலே ஏதாவது ஒண்ணுல ஒன்பது புள்ளி எட்டு காட்டணும். பூமி இழுக்குதுல்ல.”

“பூஜ்யம் எப்பக் காட்டும்?”

“சென்சார் கெட்டுப்போயிருந்தா. இல்லன்னா, கீழ விழுந்துட்டே இருந்தா.”

ஜெபா அருகில் வந்து டம்ளரை மேஜைமேல் வைத்தாள். அது மேஜைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. அவள் பின்னலின் நுனி தோளிலிருந்து மெல்ல எழுந்தது. வீடே விழுந்துகொண்டிருந்தால் வெளியே என்ன தெரியுமோ என்று இருவரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

“அந்தப் புரோகிராம் உங்கள என்னதான் கேட்டுச்சு?”

செல்வின் திரையை மேலே நகர்த்தி, தான் படிக்காமல் விட்ட கேள்விகளை முதன்முறையாகப் படித்தான். கடைசிக்கு முந்தையது: விழவைத்துச் சோதிக்கலாமா? கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: பிடித்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?

இரண்டுக்கும் அவன் எண்டர்தான் தட்டியிருந்தான், ‘ஆம்’ என்று. ஜெபாவும் கடைசிக் கேள்வியைப் படித்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள்.