வலிக்காத ரத்தக்கொதிப்பு

ரிஷிவந்தியம் சாலையில், இடஒதுக்கீடு கேட்டு மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் மேல் ஆதிமூலம் ஊராரோடு பீடி புகைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஓடாததால் வெயிலில் நடந்தே வந்த நர்ஸ் கலையரசி, அவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள். பாதரசம் இருநூறைத் தாண்டுகிறது. "மாத்திரை போடுறீங்களா, இல்லியா?" என்கிறாள். "வலியே இல்ல நர்சம்மா, அப்புறம் இன்னாத்துக்கு?" என்று புகை விடுகிறார். "உங்க அண்ணனும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு, நெஞ்சடைச்சுப் போய்ட்டாரு. பக்கத்தூர்ல மாத்திரை போட்டாங்க, பீடிய வுட்டாங்க. அங்க இப்ப அந்தச் சாவு கம்மியாயிடுச்சு." அவர் சிரிக்கிறார். அவள் நீட்டிய மாத்திரை அவளுடைய வியர்த்த உள்ளங்கையிலேயே வெள்ளையாகக் கரைகிறது. தூரத்தில் போலீஸ் ஜீப் உறுமுகிறது. எல்லாரும் எழுந்து கைகோக்கிறார்கள். பட்டையைக் கழற்றாமலே அவரும் எழுகிறார். "முழுங்கிட்டுப் போங்க" என்றபடி, பட்டையின் ரப்பர் குழாயை விடாமல் அவளும் கூடவே இழுபடுகிறாள்.