213 எங்கே?

அலுமாரியின் மூன்றாம் தட்டில் 212-க்கும் 214-க்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. அதில் தூசி படிந்தால்கூடத் தவராசாவுக்குக் கோபம் வந்தது.

"இந்த மாசப் பட்டியலும் வந்திட்டுது," என்று கைபேசியைக் கதிரையில் போட்டார். "237-ம் 238-ம் வருகுதாம். 213-ஐப் பற்றி ஒரு மூச்சுமில்லை."

உருத்திரபுரத்தில் பழைய கலைப்படங்களின் டிவிடி இறுவட்டுகளைச் சேர்ப்பவர்கள் மொத்தமே மூன்று பேர்தான். வயல் செய்யும் தவராசா ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் கோகுலன் இன்னொருவன். நூலகத்தில் வேலை செய்யும் சுமித்திரா மூன்று மாதத்துக்கு முன்புதான் சேர்ந்தாள். ஞாயிறு பின்னேரங்களில் தவராசா வீட்டில் கூடி, அவற்றை வரிசை எண் போட்டு விற்கும் வெளிநாட்டு நிறுவனம் அடுத்து எந்தப் படத்தை வெளியிடும் என்று வாதாடுவார்கள்.

"பதின்மூண்டு வெள்ளைக்காரருக்கு ஆகாதண்ணை," என்றான் கோகுலன். "அதுதான் அந்த நம்பரை விட்டிட்டாங்கள்."

"அப்ப 113 என்னெண்டு வந்தது? உந்தா, மேல்தட்டிலை நிக்குது. கண்ணைத் திறந்து பாரும்."

கோகுலன் எழுந்துபோய் மேல்தட்டில் 113-ஐத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"வராத நம்பர் 'மூன்றாம் மதகு' படம்தானெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறியள்?" என்று சுமித்திரா கேட்டாள்.

எரிச்சலில் இருந்தாலும், விளக்கம் கேட்டால் தவராசா ஆறுதலாகத்தான் சொல்லுவார். "படத்தின்ர உரிமையை வாங்கின அண்டைக்கே அதுக்கொரு நம்பர் விழும் பிள்ளை. பிறகு சுருளைக் கழுவி, கீறல் எடுத்து, இறுவட்டாக்க ஒரு வருசமும் போகும், மூண்டு வருசமும் போகும். ஆனா நம்பர் மாறாது. 'மூன்றாம் மதகு' சுருள் தங்களிட்ட வந்திட்டுதெண்டு அவங்களே அறிவிச்சவங்கள். அதுக்குப் பிறகு வராத நம்பர் உது ஒண்டுதான்."

1974-இல் ஒரு வெளிநாட்டு இயக்குநர் இரணைமடுக் குளக்கட்டில் பதினொரு நாள் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இணையத்தில் எங்கு தேடியும் கிடைக்காது. அதில் ஒரு காட்சியில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் தவராசாவின் தகப்பன்.

அடுத்த வருடமே அவர் பாம்பு கடித்து இறந்துபோனார். தவராசாவுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் இருந்த புகைப்படங்களெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. ஐம்பது தாண்டியும் தகப்பனின் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்துபோய் அலுமாரிக் கதவைச் சாத்தப் பார்த்தார். 213-க்கு இடம் விட்டு மற்றதையெல்லாம் நெருக்கி அடுக்கியதில் ஒரு பெட்டி துருத்தி நின்று, அது சாத்துப்படவில்லை. 212 மற்றப் பெட்டிகளைவிட ஒன்றரை மடங்கு தடிப்பு. உள்ளே கட்டுரைப் புத்தகம் ஏதும் இருக்கும் என்று கோகுலன் முன்பே முடிவுகட்டியிருந்தான்.

"பதினேழு மெயில் போட்டிட்டன், எப்ப வருமெண்டு கேட்டு," என்றார் தவராசா. "பதினேழுக்கும் ஒரே பதில். 'வரப்போகும் படங்களைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை.' கல்லிலை தலையை முட்டின மாதிரிக் கிடக்கு."

"நானும் முந்தநாள் ஒரு மெயில் போட்டனான்," என்றாள் சுமித்திரா. "எப்ப வருமெண்டு கேக்கேல்லை. 213 எங்கே எண்டு மட்டும் கேட்டனான்."

கோகுலன் சிரித்தான். "நூலகத்துப் புத்தகம் துலைஞ்ச மாதிரி."

"ஓம், ஒரு நம்பர் தட்டிலை இல்லாட்டி நாங்கள் அப்பிடித்தான் கேப்பம். நீங்கள் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராத மூண்டையும் அப்பிடித்தான் கண்டுபிடிச்சனான்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, கைபேசி சத்தமிட்டது. எடுத்து வாசித்தாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தாள்.

"அவங்களோ?" தவராசா கிட்ட வந்தார். "சுருள் கழுவுற பட்டறை எரிஞ்சு போச்செண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்."

"அண்ணை, 212 உங்களிட்ட இருக்குதெல்லோ?"

"இருக்கு. உலகத்திலை முந்நூறு பெட்டிதான் விட்டவங்கள். என்னட்டை ஒண்டு, இவரிட்ட ஒண்டு."

"பிரிச்சுப் பாத்தனீங்களோ?"

"உமக்கென்ன விசரே?" கோகுலன் குறுக்கே விழுந்தான். "பொலித்தீன் உறை கிழிஞ்சால் அது பழைய சாமான். சேர்க்கிற ஆக்கள் ஒருத்தரும் பிரிக்க மாட்டினம். 212-இலை இருக்கிற படத்தை இணையத்திலை பாத்தாச்சு, பிறகென்னத்துக்குப் பிரிக்கிறது?"

"அதுதான் விசயம். நிறுவனத்தார் எழுதியிருக்கினம். தங்கட இருபதாம் ஆண்டெண்டு, வெளியிலை ஒண்டும் எழுதாமல் உள்ளுக்கை ஒரு பரிசு வைச்சவையாம். முந்நூறு பேரிலை ஒருத்தரும் இண்டைவரைக்கும் நன்றி சொல்லேல்லையெண்டு அவைக்குச் சரியான மனவருத்தமாம்."

தவராசா அலுமாரியின் பிடியைப் பற்றிக்கொண்டார். "என்ன பரிசு பிள்ளை?"

"கத்தரிக்கோலை எடுங்கோ அண்ணை. 213 ரெண்டாவது இறுவட்டா 212-க்குள்ளதான் கிடக்கு."