கப்பலேறும் பெண்ணின் கடிதம்

நோட்டைப் பிடுங்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கம் திரும்பிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். பிரெஞ்சில்.

பாரிஸில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தவள். பெண் பிரெஞ்சில் எவ்வளவு தேறியிருக்கிறாள் என்று பார்க்கப் புதுச்சேரி வந்திருந்தாள். நோட்டை எடுத்துக் கொடுத்தது அப்பாதான்.

கல்யாணத்துக்காக அவளைச் சேர்த்துவிட்ட பிரெஞ்சு வகுப்பில் ஒரு கதை நடத்தினார்கள். முன்பின் பார்க்காதவனைக் கட்டிக்கொள்ளக் கப்பலேறும் பெண்ணின் கதை. கடைசிப் பக்கத்தை மட்டும் டீச்சர் தரவில்லை.

"நீங்கதான் அவ. கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்க."

எழுதினாள்.

வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. அந்தத் தைரியத்தில் கப்பலை விமானமாக்கினாள். ஆவணியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது என்று எழுதினாள்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மா. அவரை போனில் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

டீச்சர் இருபதுக்குப் பதினேழு போட்டாள். சிவப்பு மையில், நல்ல கற்பனை என்று எழுதினாள்.

தமிழில் ஒரு தடவைகூட வெளியே வராதது.

இப்போது கூடம் முழுக்கக் கேட்கிறது.

அப்பா தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சம்பந்திம்மா? ஒரே வருசம். வெள்ளக்காரி தோத்தா போங்க!"

அம்மா பூரித்துப்போய் மிக்சர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.

நின்ற இடத்திலேயே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கிற குரல் மெதுவானது.

நின்றது.

"என்னா எழுதியிருக்கா?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அந்தப் பக்கத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"கதைதான். ஒரு பொண்ணு ஊருக்குக் கிளம்புறா."

அப்பா சிரித்தார்.

வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். பார்த்தபடியே பிரெஞ்சில் கேட்டாள்.

இந்தப் பெண் போகத்தான் வேண்டுமா?

கோபமா இரக்கமா, குரலில் ஒன்றும் தெரியவில்லை.



"அத்தை பரிட்சை வைக்கிறாங்கடா," என்றார் அப்பா, ஆசையாக. "சட்டுனு சொல்லு. தெரிஞ்சதுதானே?"