கலங்கல் தண்ணி

“என்ன ஊத்துறீங்க என் தொட்டியில?”

நிரஞ்சலா போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன. பக்கத்துக் காம்பரா கலாராணி கோப்பையோடு நின்றாள். அதில் இருந்த கலங்கல் தண்ணி அவ்வளவும் மீன் தொட்டிக்குள் போயாகிவிட்டது.

“கத்தாத, புள்ள முழிச்சிக்கும்.” அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

நிரஞ்சலா தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு தரம் கோல்ட் ஃபிஷ் குஞ்சுகள் பொரித்து, வயிறு வீங்கிச் செத்துப்போயின. “இந்தத் தரமும் இப்பிடின்னா இனி கொண்டுவராதீங்க தங்கச்சி” என்று அவளிடம் குஞ்சு வாங்கும் பதுளை வளர்ப்பு மீன் கடை ஜுனைதீன் நானா சொல்லிவிட்டார்.

இவ்வளவுக்கும் தொட்டியை ப்ளீச் போட்டுத் தேய்த்து, கொதித்து ஆறிய தண்ணிதான் விடுவாள். கிருமிக்குப் பயந்து தன் ஐந்து மாதப் பிள்ளையைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை.

“அவங்க மீனும் விக்கணுமில்ல? அதான் இந்த எரிச்சல்” என்று புருஷன் நிஷாந்திடம் அழுதாள்.

பத்து நாள் போனது. குஞ்சுகள் சாகவில்லை. தொட்டி நிறையத் துள்ளின.

பார்க்க வந்த மீன்வளர்ப்பு ஆபீஸருக்கு ஒரே சந்தோஷம். “போத்தலக் கரைச்சு ஊத்தினீங்க போல?”

“என்ன போத்தல் சேர்?”

“நல்ல கிருமிம்மா! குஞ்சோட குடல்ல அது மொதல்ல எடம் புடிச்சிட்டா, நோய்க்கிருமிக்கு ஒக்கார எடமில்ல.” மூலையில் இருந்த ப்ளீச் பக்கெட்டைப் பார்த்தார். “நீங்க நல்லதையும் சேத்துல்ல கழுவியிருக்கீங்க! போன மாசம் ஹாலிஎலயில நடந்த மீன் வளர்ப்புப் பயிற்சியில ஆளுக்கொரு போத்தல் குடுத்தோமே?”

பஸ் நெரிசலில் பிள்ளைக்கு ஏதாவது தொற்றிவிடும் என்று நிரஞ்சலா அதற்குப் போகவில்லை. லயத்திலிருந்து போனது கலாராணி மட்டும்தான்.

நிரஞ்சலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். கலாராணி கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

“ஒனக்குப் பாதி, எனக்குப் பாதின்னு எடுத்து வச்சேன். கிருமி ஊத்துறேன்னு சொன்னா நீ விட்டிருப்பியா?”

நிரஞ்சலா பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

கலாராணி இரண்டடி பின்னால் போனாள். “இருடி, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துடுறேன்!”